இரண்டு மார்க் கேள்வியும் நேபாளத்துச் சுவரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் 2011-ல் சிவில் முடித்து வெளியே போனவன். சென்னையில் ஒரு டிசைன் ஆபீசில் வேலை. காலையிலிருந்து மாலை வரை கம்ப்யூட்டரில் கட்டடம் கட்டுபவன். செயலாளர் சார் போன் பண்ணி, "தம்பி, நீ நேபாளத்துக்குப் போய் வீடு கட்டிக் கொடுத்தியாமே, அதைப் பத்திப் பசங்களுக்குப் பேசு" என்றார். "சார், நான் கட்டின சுவரைப் பிரிச்சுட்டாங்க சார்" என்றேன். "அப்ப அதையே பேசு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதனால் அதையே பேசுகிறேன்.

எதற்காகப் போனேன்?

எனக்குச் சொந்த ஊர் கடலோரக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் வீடு கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது. கடற்கரைத் தெருவில் இருந்த என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் வீடு இல்லாமல் போயிற்று. பாட்டி பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் வீடு கட்ட வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். பாஷை தெரியாது. வெயில் தாங்கவில்லை, முகமெல்லாம் தக்காளிப் பழம் மாதிரி சிவந்துவிடும். ஆனாலும் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றினார்கள். என் வயதுக்கு அது பெரிய ஆச்சரியம். 'யாருடைய வீட்டுக்கோ யாரோ வந்து கல் சுமக்கிறார்களே' என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். நான் சிவில் எடுத்ததற்கு மார்க்கும் ஒரு காரணம், அந்த வரிசையும் ஒரு காரணம்.

அந்த வீட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு நல்ல வீடு. கான்கிரீட் கூரை, வெள்ளை அடித்த சுவர். ஆனால் என் பாட்டி அதற்குள் படுக்கவே இல்லை. "உள்ள வேகுதுடா, காத்தே வரல" என்று சொல்லி, வாசலில் ஒரு கீத்துப் பந்தல் போட்டு அதில்தான் படுத்தார். மீன் காயப்போட இடம் இல்லை. வலை வைக்க இடம் இல்லை. கட்டியவர்கள் நல்ல மனசோடுதான் கட்டினார்கள். 'ஆயா, உங்களுக்கு என்ன வேணும்' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11.56-க்கு நேபாளத்தில் 7.8 அளவில் பூமி ஆடியது. மே 12-ல் 7.3 அளவில் இன்னொன்று. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். சுமார் 5 லட்சம் வீடுகள் முழுசாக இடிந்தன. நேபாளத்தில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தபோது உள்ளே பிள்ளைகள் இல்லை. நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

காட்மாண்டுவில் தரஹரா என்று ஒரு கோபுரம். 1934 நிலநடுக்கத்தில் இடிந்து, திரும்பக் கட்டி, 2015-ல் மறுபடியும் விழுந்தது. டி.வி.யில் அதைப் பார்த்தபோது எங்கள் தெருவில் செங்கல் கைமாற்றிய வரிசைதான் கண்ணுக்கு வந்தது. கடன் ஒன்று பாக்கி இருக்கிற மாதிரி ஓர் உறுத்தல். ஆனாலும் கிளம்ப இரண்டரை வருஷம் ஆனது. லீவு கிடைக்கவில்லை, கையில் பணம் இல்லை, அக்கா கல்யாணம் என்று ஏதேதோ காரணம். 2017 நவம்பரில்தான், ஒரு தொண்டு நிறுவனம் வழியாக, பதினாறு நாள் கிளம்பினேன். எங்கள் குழுவில் பதினோரு பேர். ஐந்து நாட்டுக்காரர்கள். கட்டடம் படித்தவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு சின்ன கர்வம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நுவாகோட்டில் ஒரு மலைச்சரிவு

காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில் திரிசூலி ஆற்றுப் பக்கமாக நுவாகோட் மாவட்டம். ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏற்றம். வடக்கே பார்த்தால் பனி மூடிய கணேஷ் ஹிமால். 'நம்ம பிள்ளையார் இங்கேயும் வந்து உட்கார்ந்துட்டாரே' என்று ஒரு தைரியம்.

நாங்கள் வேலை செய்த வீட்டின் சொந்தக்காரி நாற்பது வயதுப் பெண்மணி. அங்கே அக்காவை 'தீதி' என்பார்கள். நானும் தீதி என்றே கூப்பிட்டேன். அவருடைய கணவர் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாதி வீட்டில் ஆண்கள் மலேசியா, கத்தார், சவுதி என்று போயிருந்தார்கள். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓர் எருமை, மூன்று ஆடு. பழைய வீடு விழுந்த நாளிலிருந்து தகரக் கொட்டகையில்தான் குடித்தனம். இரண்டு பனிக்காலம் அதிலேயே கழிந்து, மூன்றாவது தொடங்கியிருந்தது.

தலைமைக் கொத்தனாருக்கு அறுபது வயது இருக்கும். அவரை எல்லோரும் 'தாய்' என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீசை வைத்த மனிதரைப் போய்த் 'தாய்' என்கிறார்களே! அப்புறம்தான் தெரிந்தது, நேபாளியில் அண்ணனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று. பதினாறு நாளும் நான் அவரைத் தாய் என்றுதான் அழைத்தேன். போகப்போக அந்த வார்த்தை நம் அர்த்தத்திலும் அவருக்குப் பொருந்தியது.

கல் கீழேயிருந்து வர வேண்டும். 'டோக்கோ' என்று ஒரு மூங்கில் கூடை. அதை முதுகில் வைத்து, ஒரு பட்டையை நெற்றியில் மாட்டித் தூக்குவார்கள். தீதி ஒரு நடைக்குச் சுமந்த கல்லை நான் இரண்டு நடையாகச் சுமந்தேன். மூன்றாவது நடையில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். அவருடைய மகள், பன்னிரண்டு வயசு, என் கூடையிலிருந்து இரண்டு கல்லை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டு பேசாமல் போனாள். நான் ஜிம்முக்குப் போய்த் தயாராகி வந்தவன் என்பதை அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சுவர்

இப்போது மெயின் விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கிராமத்துப் பழைய வீடு எப்படி விழுந்தது என்று தெரிந்தால்தான் நான் செய்த தப்பு புரியும்.

கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவர். உண்மையில் அது இரண்டு சுவர். வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல், உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லும் மண்ணும். பூமி ஆடும்போது இரண்டு முகமும் தனித்தனியாகப் பிதுங்கிப் பிரிந்துவிடும். மூலைகள் விடுபட்டு, மேலே இருக்கும் கனமான கூரை உள்ளே இறங்கிவிடும். இதைத் தடுக்க உள்முகத்தையும் வெளிமுகத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி, சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே ஒரு நீளக் கல் வைக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் த்ரூ ஸ்டோன். நேபாளத்து விதிப்படி கிடைமட்டத்தில் நாலு அடிக்கு ஒன்று, உயரத்தில் இரண்டு அடிக்கு ஒன்று. அதோடு அஸ்திவார மட்டம், ஜன்னலுக்குக் கீழே, ஜன்னலுக்கு மேலே, கூரைக்கு அடியில் என்று நாலு இடத்தில் வீட்டைச் சுற்றிப் பெல்ட் மாதிரி ஒரு பட்டை ஓட வேண்டும். மூலைகளில் செங்குத்தாகக் கம்பி நிற்க வேண்டும். இவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

"த்ரூ ஸ்டோன் என்றால் என்ன?" நம் கல்லூரியில் இது இரண்டு மார்க் கேள்வி. நான் சரியாக எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியவன். படம்கூடப் போட்டேன். பிராக்டிகலுக்கு, பின்பக்கம் ஷெட்டில் சார் எங்களைச் செங்கல் அடுக்கச் சொன்னபோது மட்டும் பிராக்ஸி கொடுத்துவிட்டுப் படத்துக்குப் போய்விட்டேன். சார் இங்கேதான் முன்வரிசையில் இருக்கிறார். மன்னிச்சுக்கோங்க சார்.

நாலாவது நாள் எனக்கு மேற்குச் சுவரில் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். நூல் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, ரொம்ப நுணுக்கமாக அடுக்கினேன். முகம் நல்லா இருக்கிற கல்லாகத் தேடித்தேடி வெளியே வைத்தேன். போட்டோவும் எடுத்தார்கள். அன்றைக்கு நான் எழுப்பியது இரண்டடி உயரம், எட்டடி நீளம். இரவு தால்-பாத் சாப்பிடும்போது ஒரு கரண்டி சோறு கூடவே இறங்கியது.

மறுநாள் விடிகாலையில் கையுறையை மறந்து வைத்துவிட்டோமே என்று சைட்டுக்குப் போனேன். தாய் முன்னாடியே வந்து, கடப்பாரையோடு என் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார். நான் பார்க்காதபோது வேலையை முடித்துவிட நினைத்திருக்கிறார். பிறகு என்ன நினைத்தாரோ, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மேலிருந்து கடப்பாரையை நடுவில் விட்டு லேசாக நெம்பினார். சுவர் கும்பிட்ட கை விரிகிற மாதிரி இரண்டாகப் பிரிந்தது. எட்டடி நீளத்தில் ஒரு த்ரூ ஸ்டோன்கூட நான் வைக்கவில்லை.

தாய்க்கு ஹிந்தி தெரியும். இளவயதில் டில்லிப் பக்கம் வேலை பார்த்தவர். எனக்கும் அரைகுறை ஹிந்தி வரும். அவர் கோபப்படவில்லை. "என் அண்ணன் சம்சாரம் இந்த மாதிரி சுவருக்கு அடியிலதான் இருந்தா" என்றார். "அந்தச் சுவரைக் கட்டினது நான்தான். அப்ப எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே, இஞ்சினியர் பாபு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. அந்த மனிதர் முப்பது வருஷமாகத் தெரியாமல் கட்டியவர். பூகம்பத்துக்குப் பிறகு அரசாங்கம் நடத்திய பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு, அறுபது வயதில் தன் கைப்பழக்கத்தையே மாற்றிக்கொண்டவர். நான் தெரிந்தும் வைக்காமல் விட்டவன். எனக்குத் தெரிந்தது விடைத்தாளோடு நின்றுபோயிருந்தது.

பிறகு நான் செய்தது

அன்று காலை நானும் அவரும் அந்தச் சுவரைப் பிரித்து அடுக்கினோம். அப்போது நான் கேட்டேன், "தாய், நீளக் கல் குவியலிலேயே இல்லையே, எதை வைப்பது?" அதுதான் நிஜமான பிரச்சினை. ஒன்றரை அடி நீளக் கல் அந்தச் சரிவில் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்ததை மூலைக்கு எடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் நான் படித்தது முதல் முறையாக உதவியது. நீளக் கல் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் கான்கிரீட் கட்டை, நடுவில் ஒரு 8 மி.மீ. கம்பி வைத்து வார்த்துப் போடலாம் என்று நம் இந்தியத் தர நிர்ணய விதி 13828-லேயே இருக்கிறது. மரக்கட்டை, வளைத்த கம்பி என்று வேறு வழிகளும் உண்டு. இரண்டு பலகையை வைத்து ஓர் அச்சு செய்தோம். தினமும் சாயங்காலம் மீந்த சிமெண்டில் எட்டு, பத்து என்று வார்த்தோம். ஈரச் சாக்கு போட்டு மூடி, தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவது அந்தப் பன்னிரண்டு வயசுப் பெண்ணின் பொறுப்பு. ஒரு வேளைகூட அவள் தவறவில்லை. நம் சைட்டில் க்யூரிங் அப்படி நடந்தால் நமக்குப் பாதிக் கவலை இருக்காது.

இரண்டாவது விஷயம், தீதியின் பிளான். வீடு கட்ட அரசு கொடுத்த உதவித்தொகை 3 லட்சம் நேபாள ரூபாய். நம் பணத்தில் 1,87,500. மூன்று தவணை: முதலில் 50,000, அஸ்திவாரம் முடிந்து இஞ்சினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் 1,50,000, சுவர் எழும்பினால் 1,00,000. தவணை வாங்க வேண்டுமே என்று பல பேர் ஒரே ஒரு ரூம் கட்டி நிறுத்திவிட்டார்கள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் தகரக் கொட்டகையிலேயே கிடந்தது. தீதியின் அஸ்திவாரம் ஏற்கெனவே இரண்டு ரூமுக்குப் போட்டாகிவிட்டது. பேப்பரில் அது சரியான வீடுதான்.

எனக்குப் பாட்டியின் கீத்துப் பந்தல் ஞாபகம் வந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "தீதி, இந்த வீட்டுல நீங்க என்ன என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லையாம். சோளம் பரணில் இருக்க வேண்டும். கீழே புகை வந்தால்தான் பூச்சி பிடிக்காது. மாமியாருக்குக் கண் சரியில்லை, அதனால் வாசற்படி உயரமாக இருக்கக் கூடாது. எருமையை ராத்திரி படுக்கையிலிருந்து பார்க்க ஒரு சின்ன ஜன்னல் வேண்டும். இவ்வளவுதான் அவர் கேட்டது.

ஜன்னலை மூலையிலிருந்து இரண்டடி தள்ளித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலை பலவீனமாகிவிடும். அதற்குள் எருமை தெரிகிற கோணத்தை நானும் தாயும் நூல் பிடித்துப் பார்த்தோம். என் பத்து வருஷ டிசைன் வாழ்க்கையில் எருமைக்காக ஜன்னல் வைத்தது அந்த ஒரு தடவைதான். கூரையின் முக்கோணச் சுவரைக் கல்லில் கட்டாமல் மரச்சட்டமும் தகரமுமாக லேசாக வைத்து, அதன் உள்பக்கம் பரணுக்கு இடம் ஒதுக்கினோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

திரும்பி வரும்போது விமானத்தில் ஒரு கணக்குப் போட்டேன். சென்னையிலிருந்து போய் வந்த செலவு எனக்கு 42,000 ரூபாய். பதினோரு பேரில் சிலர் என்னைவிட ரொம்ப தூரத்திலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் என் செலவுதான் என்று வைத்தாலே 4,62,000 ரூபாய். நேபாளப் பணத்தில் 7,39,200. இரண்டு குடும்பத்துக்கு முழு உதவித்தொகையும் கொடுத்து மிச்சமும் இருக்கும். நாங்கள் பதினோரு பேர் பதினாறு நாள் செய்த கல் வேலையைத் தாயும் இன்னும் இரண்டு கொத்தனாரும் அதில் பாதி நாளில் செய்திருப்பார்கள். அதையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்காது.

அப்படியானால் போகவே வேண்டாமா? பணத்தை மட்டும் அனுப்பிவிடலாமா? இந்தக் கேள்வியை நான் மழுப்ப விரும்பவில்லை. கல் சுமக்க மட்டும்தான் போகிறோம் என்றால், பணம் அனுப்புவதே மேல். அங்கே வேலை தெரிந்த கைகள் இருக்கின்றன, அவர்களுக்குக் கூலியும் தேவை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பியேர் செரெசோல் என்று ஒருவர் இருந்தார். நம்மைப் போல இஞ்சினியரிங் படித்தவர். முதல் உலகப் போர் முடிந்ததும், 1920-ல், பிரான்சில் வெர்டன் அருகே இடிந்துபோன எஸ்ன் என்ற கிராமத்துக்குச் சில பேரைக் கூட்டிக்கொண்டு வீடு கட்டப் போனார். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிரெதிரே சுட்டுக்கொண்டிருந்த நாட்டுக்காரர்கள்! வெளிநாட்டுக்குப் போய்க் கல் சுமக்கும் இந்தப் பழக்கத்துக்கு அதுதான் ஒரு பெரிய ஆரம்பம்.

அதே செரெசோல் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1934 ஜனவரி 15-ல் நேபாளத்தையும் பீகாரையும் சேர்த்து உலுக்கிய நிலநடுக்கத்தில் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காட்மாண்டு கோபுரம் முதலில் விழுந்ததும் அதில்தான். செரெசோல் பீகாருக்கு வந்தார். பூகம்பத்துக்குப் பிறகு வெள்ளம் சூழும் இடமாகிவிட்ட கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் இறங்கினார். பதினாறு நாளில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடவில்லை. 1937 வரை அந்த வேலை தொடர்ந்தது.

அமெரிக்காவில் 1976-ல் மில்லர்ட் புல்லரும் அவர் மனைவி லிண்டாவும் ஆரம்பித்த ஹாபிடட் அமைப்பை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரே சுத்தியல் பிடித்து அதில் வேலை செய்தார். 2006-ல் மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே மளவ்லியில் நூறு வீடு கட்டும் பணிக்கு வந்தார். அவர்களிடம் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: வீடு பெறும் குடும்பமும் கூடவே உழைக்க வேண்டும். அப்போது அது தானமாக இருக்காது. அவர்கள் வீட்டு வேலைக்கு நாம் கைகொடுக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

ஆக, நம்மால் என்ன கொடுக்க முடியும் என்பதைப் பொறுத்துத்தான் பதில். நான் சுமந்த கல்லுக்கு மதிப்பில்லை. அந்தக் கான்கிரீட் கட்டை அச்சுக்கு மதிப்பு உண்டு. அடுத்த வருஷம் தாய் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வேறொரு வீட்டு வாசலில், வரிசையாக அறுபது எழுபது கட்டைகள், ஈரச் சாக்கு போர்த்தி. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். அந்தப் பயணத்தில் நான் எடுத்த எந்தப் போட்டோவையும்விட அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

2019-ல் என் மனைவியோடு அந்த வீட்டுக்குப் போனேன். பரணில் சோளம் தொங்கியது. அந்தச் சின்ன ஜன்னல் வழியாக எருமை தெரிந்தது. மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி. "விடைத்தாள் திருத்துறேன்" என்றேன்.

தம்பி தங்கைகளுக்கு

வெளிநாட்டுக்குப் போய்த் தொண்டு செய்ய இன்றைக்கு நிறைய வழி இருக்கிறது. ஆசை இருந்தால் போங்கள். போவதற்கு முன்னால் நாலு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே இருப்பவருக்குத் தெரியாத எதைக் கொண்டுபோகிறேன்? நான் செய்யும் வேலையால் அந்த ஊரில் ஒருவருடைய கூலி போகிறதா? என் வேலையைப் பார்த்துத் தப்பு என்று சொல்லும் உரிமை அங்கே யாருக்காவது இருக்கிறதா? நான் திரும்பி வந்த பிறகு அங்கே என்ன மிஞ்சும்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். தாய் அன்றைக்கு என் மனசு நோகக் கூடாது என்று விட்டிருந்தால், அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் இன்று தீதியின் மாமியார் படுத்திருப்பார். 2023 நவம்பர் 3 இரவு மேற்கு நேபாளத்தில் ஜாஜர்கோட் பக்கம் பூமி ஆடியதில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுபடியும் அதே கல்-மண் சுவர். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. செய்தியைப் பார்த்த அன்று எனக்கு அந்தக் கடப்பாரைதான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொன்று. வெளிநாட்டுக்குப் போக எல்லோருக்கும் வசதி இருக்காது, வேண்டியதும் இல்லை. நம் ஊரிலேயே கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, வாழ்நாளில் ஒரே ஒரு வீடு கட்டுகிற குடும்பங்கள் எத்தனை! அவர்களில் எத்தனை பேர் ஓர் இஞ்சினியரைப் பார்க்கிறார்கள்? கொத்தனார் கம்பியை மூலையில் வெட்டி நிறுத்தினால் அது தப்பு என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? என் செட்டைச் சேர்ந்த நாங்கள் நாலு பேர் இரண்டு வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன வீடு கட்டுபவர்களின் பிளானைப் பார்த்து, சைட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம். பணம் வாங்குவதில்லை. டீ மட்டும் உண்டு. முன்னாள் மாணவர் சங்கம் இதைக் கையில் எடுத்து, இறுதியாண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டால், நம் கல்லூரியைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்காவது ஒரு நல்ல காரியம் நடக்கும். தலைவர் அவர்கள் தலையாட்டுகிறார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கூட்டம் வருகிற இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணிக்கு, சிவில் துறைக்குப் பின்பக்கம் ஷெட்டில். ஆம், நான் பிராக்ஸி கொடுத்துவிட்டு ஓடிய அதே ஷெட். சார் வந்து செங்கல் அடுக்கக் கற்றுத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை நான் முதல் ஆளாக நிற்பேன். நீங்களும் வாருங்கள்; பிராக்ஸி மட்டும் கொடுக்காதீர்கள்.